ரெண்டாவது வெள்ளத்துத் தண்ணீர்

அப்போது மருதையாற்றில் வண்டல் அளக்கத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது என் வேலை. பார்வையிட வந்த இன்ஜினியர் ஒல்லியானவர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

“மொத வெள்ளத்துல ஏன்யா எடுக்கல?”

“பரிசல் கேட்டோம், ஆபீஸ்ல தரலைங்க சார். இது ரெண்டாவது வெள்ளம். அதே உயரந்தாங்க.”

“உயரம் ஒண்ணுதான்! கோடையில பொடிஞ்சு கெடந்த மண்ண மொத வெள்ளமே வழிச்சிட்டுப் போயிடுச்சே. இதுல வண்டல் கம்மியாத்தான் காட்டும். இத நம்பி அணை கட்டினா, சீக்கிரமே மண்ணு மூடிடும்.”

“இதையே அனுப்புங்க, வேலை நடக்கட்டும்,” என்றார் கூட வந்த மேலதிகாரி.

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினார். நான் தண்ணீர் பிடித்து வைத்திருந்த பாட்டிலைக் கரைக்கல்லில் அடித்து உடைத்தார்.

சீக்கிரமே அவரை மாற்றிவிட்டார்கள். இன்னொரு பாட்டில் பிடித்துவரச் சொன்னார் மேலதிகாரி. “அடுத்த வருஷம் மொத வெள்ளம் வரட்டும், எடுக்கிறேன்,” என்றேன். என் குரல் எனக்கே தெரியாமல் உயர்ந்தது. ஒரே ஒரு நாள் பார்த்த மனிதரின் கோபம் எனக்கு எப்படித் தொற்றியது என்று இன்றும் தெரியவில்லை.