அருவியில் நின்றவரின் பெயரில்

காலை ஏழு பத்து. மாடிப்படி ஏறி அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது, நாற்காலியின் முதுகில் விரித்துப் போட்டிருந்த ஈரத் துண்டு. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் உள்ளங்கை அளவுக்குத் தேங்கியிருந்தது. துண்டுக்குரியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அருவியில தண்ணி எப்படி அண்ணாச்சி?" என்றேன்.

"அடிச்சு ஊத்துது சார். முதுகுல கல்லெடுத்துப் போட்ட மாதிரி இருக்கு. தென்காசியில வீட்ட வச்சுக்கிட்டு நீங்க என்னத்துக்கு? மெட்ராஸ்காரன் ரெண்டு நாள் வந்து குளிக்கிற குளிய நீங்க ஆயுசுல குளிக்கல."

சாரல் மாதங்களில் எங்கள் அலுவலகம் இப்படித்தான் விடியும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி. மருத்துவமனைகளில் டோக்கன் கொடுத்து வரிசையை நடத்துகிற மென்பொருள்தான் வேலை. அதை எழுதுகிறவர்கள் மூன்று பேர். அண்ணாச்சிக்கு நாற்பத்தாறு வயது, எல்லாரையும்விட மூத்தவர். இரண்டாமவர் கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், கணவர் துபாயில். அண்ணாச்சி கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுவலகம் முழுவதற்கும் அவர் தங்கச்சி ஆகிவிட்டார். மூன்றாமவர் செங்கோட்டைக்காரர், மலையாளம் கலந்து பேசுவார், தன் லாப்டாப்பை யாரும் தொட விடமாட்டார். நான் நிரல் எழுதத் தெரியாதவன். செய்தித்தாள் மேசையில் பல ஆண்டுகள் பிறர் எழுதியதைத் திருத்திவிட்டு, இங்கே பயனர் கையேடு எழுத வந்தவன்.

அன்று நாங்கள் சீக்கிரம் வந்ததற்குக் காரணம் இருந்தது. கொச்சியில் ஒரு நிறுவனம் எங்கள் மென்பொருளை வாங்கியிருந்தது. இதுவரை நிரல்களை வைத்திருந்த இணையதளத்திலிருந்து, அவர்கள் பயன்படுத்துகிற வேறொரு தளத்துக்கு எல்லாவற்றையும் மாலை ஐந்து மணிக்குள் மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றிய பிறகு, அங்கே யார் பெயரில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பார்த்து, மூவரில் இருவரை வைத்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். பிள்ளைகளை விட்டு வெளியூர் போக முடியாத தங்கச்சிக்கு, இது போனால் அக்கம்பக்கத்தில் வேறு வேலை இல்லை.

பழைய தளத்தில் இருந்த மெயில் ஐடி ஒவ்வொன்றும் புதிய தளத்தில் யாருடைய கணக்கு என்று ஒரு பட்டியல் தேவைப்பட்டது. பெயரில் பிழை வரக்கூடாது என்பதால் அதை என்னிடம் விட்டிருந்தார்கள். மூன்றே வரி. ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும்.

நிரல் எழுதுகிறவர் தன் வேலையைப் பதியும் ஒவ்வொரு முறையும் பெயர், நேரம், என்ன செய்தார் என்ற ஒரு குறிப்பு மூன்றும் சேர்ந்தே பதிவாகும். அதை கமிட் என்பார்கள். பழக்கதோஷத்தில் நான் அந்தக் குறிப்புகளைச் செய்தி படிப்பதுபோல் படித்துப் பார்த்தேன். அண்ணாச்சியின் குறிப்புகள் தந்தி மாதிரி: 'சரி பண்ணியாச்சு', 'மறுபடியும் சரி பண்ணியாச்சு'. ஆனால் போன ஆண்டுச் சாரல் மாதங்களில் அதே அண்ணாச்சி பெயரில் வேறொருவர் எழுதியிருந்தார். என்ன கோளாறு, ஏன் வந்தது, எதை மாற்றினால் திரும்ப வராது என்று முழு வாக்கியங்கள். அந்த நடை எனக்குத் தெரியும். கையேட்டுக்காகத் தங்கச்சி எனக்கு அனுப்புகிற குறிப்புகளில் நான் கை வைக்க இடமே இருக்காது.

நடையை வைத்து மட்டும் ஒரு செய்தியை யாருடையது என்று முடிவு செய்யக்கூடாது. போனை எடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பழைய தகவல்களைத் தேடினேன். போன ஆண்டு எங்கள் சாலையில் மின்கம்பி மாற்றும் வேலை நடந்தது; தினமும் பாதி நாள் கரண்ட் இல்லை. கரண்ட் போனதும் அண்ணாச்சி துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குக் கிளம்புவார். போய்ச் சேர்ந்ததும் குழுவில் நிலவரம் போடுவார்: 'ஐந்தருவி நல்லா விழுது.' 'மெயின் அருவியில கூட்டம்.' 'வெள்ளம், போலீஸ் தடை.' ஒவ்வொன்றிலும் நேரம் இருந்தது. ஒரு நாள் 11.32க்கு அவர் பழைய குற்றாலம் அருவியில் இருந்தார். 11.40க்கு அவர் பெயரில் ஒரு கமிட். அப்படி நாட்கணக்கில்.

அண்ணாச்சியிடம் காட்டினேன். கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தார்.

"அடப்பாவி. அருவிக்கடியில நின்னுக்கிட்டு கமிட் பண்ணியிருக்கேன் பாருங்க. இதுக்கே எனக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்கணும்."

"அப்ப உங்க லாப்டாப் யார்கிட்ட இருந்தது?"

"தங்கச்சிகிட்டதான். அதுக்குக் குடுத்திருக்கது மேசைக் கம்ப்யூட்டர், கரண்ட் இல்லாம ஓடாதுல்லா. சும்மா கெடக்குற லாப்டாப்னு குடுத்துட்டுப் போவேன்." சொல்லிவிட்டுத் தன் லாப்டாப்பைத் திரும்பிப் பார்த்தார். லாப்டாப்பில் தன் பெயர்தான் பதிந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

எட்டரைக்குத் தங்கச்சி வந்தார். கேட்டதும், "தெரியும் சார்" என்றார். "அண்ணாச்சி சாமான இரவல் வாங்கிட்டு, அதுல என் பேரப் போட்டுக்கிடவான்னு எப்படிக் கேக்க? ஒரே ஆபீஸ்தானன்னு விட்டுட்டேன்."

செய்தித்தாளில் ஒரு செய்தியின் மேல் யார் பெயர் என்பது மறுநாள் காலை வரைக்கும்தான் பேச்சு. பிறகு அந்தத் தாளில் வடை மடித்துவிடுவார்கள். நான் திருத்தி எழுதிய எத்தனையோ செய்திகள் மற்றவர் பெயரில் வந்தன. அதுதான் மேசை வேலை என்று இருந்துவிட்டேன். இங்கே பதிவு அழிவதில்லை. அழியாத பதிவைப் படிக்கிறவர்கள் அதைச் சந்தேகப்படுவதும் இல்லை. கொச்சியில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எங்கள் கரண்ட் போன கதை எப்படித் தெரியும்?

நிரல்களைப் புதிய தளத்துக்கு மாற்றும் வேலை செங்கோட்டைக்காரர் கையில் இருந்தது. அவருக்கு இது பிடிக்கவில்லை.

"எந்தினா இதெல்லாம், எதுக்கு? ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒண்ணுல பேர மாத்தினா அதோட நம்பர் மாறும். அதுக்குப் பொறவு உள்ளது எல்லாத்துக்கும் மாறும். அங்கன போன பொறவு தொடவே முடியாது."

"அப்ப போறதுக்கு முன்னால தொடு" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, மாத்தினா உங்க கணக்கு எவ்வளவு கொறையும்னு பாத்தியளா?"

"பாத்தேம்லே. நீ உன் லாப்டாப்ப எவனுக்கும் குடுக்க மாட்ட, ஒனக்கு ஒரு கொறையும் வராது. பேசாம அடி."

பத்து மணிக்கு உட்கார்ந்தோம். ஒரே மெயில் ஐடியில் இரண்டு பேர் வேலை கலந்திருந்ததால், ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடியும். நான் குறிப்பையும் நேரத்தையும் வாசித்தேன். அண்ணாச்சி "நான்" அல்லது "தங்கச்சி" என்றார். தங்கச்சி தலையாட்டினால் மட்டும் எழுதிக்கொண்டேன். இரண்டு இடங்களில் அவர் தலையாட்டவில்லை: "இது நீங்க செஞ்சது அண்ணாச்சி. நான் பாத்துக்கிட்டு மட்டும்தான் இருந்தேன்."

மதியச் சாப்பாட்டுக்கு முன், போன ஆண்டின் ஒரு திங்கட்கிழமைக்கு வந்தோம். ஒரு மருத்துவமனையில் அன்று காலை வரிசையில் நின்ற எல்லாருக்கும் ஏழாம் எண் டோக்கன் வந்தது. டாக்டர் அறை வாசலில் இருபது பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அண்ணாச்சி நேரில் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் கோளாறைக் கொண்டுவந்த கமிட், அதற்கு முந்தின சனிக்கிழமை மதியம் அவர் பெயரில் பதிவாகியிருந்தது. வாட்ஸ்அப்பில் அந்த நேரத்துக்கு நிலவரம் எதுவும் இல்லை.

"அது நான்தான். எழுதுங்க சார்" என்றார் அண்ணாச்சி.

தங்கச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல."

"ஏம்மா, நான்தான் சொல்லுதேன்லா. திட்டு வாங்கினவன் நானு, எனக்குத் தெரியாதா?"

"அன்னைக்கு நீங்க போனை இங்கயே வச்சுட்டு அருவிக்குப் போய்ட்டிய. தண்ணி கம்மின்னு திரும்பி வரும்போது எனக்கு மொளகா பஜ்ஜி வாங்கிட்டு வந்திய. நான் பஜ்ஜியத் தின்னுக்கிட்டேதான் அத அனுப்புனேன். அது நான்."

"அவனுவ மொதல்ல இதத்தான் பாப்பானுவ."

"பாக்கட்டும். நல்லது மட்டும் என் பேருல வேணும்னா எப்படி அண்ணாச்சி?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தங்கச்சியின் பெயரை எழுதினேன்.

மூன்று மணிக்குச் செங்கோட்டைக்காரர் பெயர்களை மாற்றி முடித்தார். அதற்குள், பெயர்கள் ஏன் திருத்தப்பட்டன என்று நான் ஆறு வரி எழுதி அவரிடம் கொடுத்திருந்தேன். செய்தித்தாளில் உள்பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் வருகிற திருத்தம் போல. அதையும் நிரல்களோடு சேர்த்தார். ஐந்து மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது எல்லாம் புதிய தளத்தில் ஏறியது. அங்கே மூவருடைய பெயருக்கும் எதிரே வேலையின் அளவைக் காட்டும் ஒரு பட்டை இருந்தது. தங்கச்சியுடையது நீளமாகியிருந்தது. அண்ணாச்சியுடையது மூன்றாவதாக இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காய்ந்த துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை கொச்சியிலிருந்து தங்கச்சியிடம் வீடியோவில் பேசினார்கள். அந்த ஏழாம் எண் டோக்கனைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். எப்படி நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தார் என்று முக்கால் மணி நேரம் சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு மெயில் வந்தது. அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று தங்கச்சியுடையது. மற்றது, தன் லாப்டாப்பை யாருக்கும் கொடுக்காத செங்கோட்டைக்காரருடையது.