மணிக்குப் பத்தொன்பது கிலோமீட்டர்

எங்கள் ஃபோர்மேன் ஷிஃப்ட் ரிப்போர்ட் எழுதும் தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டங்கள் போட்டிருந்தார். முதல் நாள் திருச்சி, அடுத்த நாள் மதுரை, மூன்றாம் நாள் திருநெல்வேலி. காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை. மூன்றாம் நாளுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஓவர்டைம். ஆடி அமாவாசைக்குச் சைக்கிளிலேயே திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் தன் குலசாமி கோயிலுக்குப் போக அவர் போட்ட திட்டம் அது. வயது ஐம்பத்தாறு. துணைக்கு நான்.

கணக்கும் அவரே போட்டதுதான். குவார்ட்டர்ஸிலிருந்து நிலக்கரி மைன்ஸ் கேட்டுக்கு எட்டுக் கிலோமீட்டரை இருபத்தைந்து நிமிடத்தில் மிதிப்பவர். அப்படியானால் மணிக்குப் பத்தொன்பது. எட்டு மணி நேர ஷிஃப்டில் சாப்பாட்டுக்கு ஒரு மணியைக் கழித்து, மிச்ச ஏழு மணியால் பெருக்கிவிட்டார். டவுன்ஷிப்பில் எல்லாரும் இப்படித்தான் கணக்குப் பார்ப்பார்கள். மேடு பள்ளமில்லாத ரோடு, இருபுறமும் மரம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்றே தெரியாது.

நான் டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து கிராமத்துக்காரன். ஆடி மாதத்தில் விருத்தாசலம் பக்கம் சைக்கிள் எடுத்து, எதிர்காற்றில் மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளியவன். இவர் போகும் வழி முழுக்க அந்தக் காற்று முகத்தில்தான் அறையும். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, பாதி தூரம்கூடத் தேறாது என்று.

“என்னடே, சரியா இருக்குல்லா?” என்றார்.

“கரெக்டா இருக்குங்க சார்,” என்றேன்.

அப்போது நான் கான்ட்ராக்ட். பெர்மனன்ட் ஆக்கும் பட்டியலில் என் பெயர் இருப்பதும் இல்லாததும் அவருடைய ஒரு வார்த்தை. அவர் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு வாய் வரவில்லை. பயம்தான், வேறென்ன!

விருத்தாசலம் தாண்டியதுமே காற்று பிடித்துக்கொண்டது. மதியம் இரண்டு மணிக்குத் தொழுதூரைத்தான் தாண்டியிருந்தோம். திருச்சி இன்னும் எங்கோ இருந்தது. நிழலில் உட்காரலாம் என்று கெஞ்சினேன். “லேட் ஆயிட்டுடே, ஏறு” என்றார். ஒவ்வொரு முறை கடிகாரம் பார்க்கும்போதும் வெறி பிடித்தவர்போல மிதித்தார். நான் பின்னால் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். இப்போதாவது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

திடீரென்று கவனித்தேன், அவர் சட்டை காய்ந்திருந்தது. வியர்வையே இல்லை. சைக்கிளை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தவர், “செகண்ட் ஷிஃப்ட் ஆளு வந்தாச்சா?” என்று கேட்டார். ஐயோ, நடு ரோட்டில் நின்று ஷிஃப்டைக் கேட்கிறார்! அப்படியே ரோட்டோரம் சரிந்தார். கையைத் தொட்டால் கொதிக்கிறது. இருந்த தண்ணீரையெல்லாம் தலையில் ஊற்றி, ஒரு லோடு வண்டியை மறித்து, மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று நாள் கண் திறக்கவில்லை. செத்துப்போனால் நான் கொன்றது என்று எனக்கு மட்டும் தெரியும்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கால் அதன்பிறகு இழுத்தே நடந்தது. வார்டில் வருவோர் போவோரிடமெல்லாம், “இந்தப் பய இல்லேன்னா நான் இல்லடே” என்றார். அடுத்த வருடப் பட்டியலில் என் பெயர் இருந்தது. இன்றைக்கு எனக்கும் குவார்ட்டர்ஸ் இருக்கிறது, எனக்குக் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் எதைச் சொன்னாலும் அவர்கள் “சரிங்க” என்று உடனே தலையாட்டும்போது “இன்னொரு வாட்டி பாத்துட்டுச் சொல்லுங்க” என்பேன்.

ரிட்டயராகித் திருநெல்வேலிக்கே போய்விட்டவர், போன வாரம் போன் செய்தார். கால் இப்போது பரவாயில்லையாம். கன்னியாகுமரிக்கு ஒரே நாளில் மிதிக்கப் போகிறாராம். தூரம், நேரம் எல்லாம் படித்துக் காட்டிவிட்டு, “நீ சொல்லு, சரியா வருமா?” என்றார்.

“வராதுங்க சார்,” என்றேன். நிறுத்தியிருக்கலாம், முடியவில்லை. “அன்னைக்குப் போட்டதும் தப்புதாங்க. பாத்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினுதான் சும்மா இருந்தேன்.”

அவர் போனை வைக்கவில்லை. கணக்குப் போட்ட தாளை மடிக்கும் சத்தம் கேட்டது.