கேட்டில் தொங்கிய திராட்சை

என் சிறுநீரகத்தில் வேண்டாத புரதம் படிந்திருந்தது, அமிலாய்டோசிஸ் என்றார்கள். மதுரையில் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை முடிந்து உத்தமபாளையம் திரும்பினேன். கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்துத்தான் டாக்டர் அனுப்பினார்.

கோம்பையிலிருந்து சித்தப்பா, தன் தோட்டத்துத் திராட்சையோடு பார்க்க வந்தார். என் மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"பழமும் ஆகாது, ஆளும் வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக மாமா."

"எங்க கையில கிருமியா ஒட்டியிருக்கு ஆத்தா?"

பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, சன்னலில் நின்ற என்னைப் பார்க்காமலே போய்விட்டார். அதைக் கேள்விப்பட்டபிறகு சொந்தத்தில் ஒருவரும் வரவில்லை.

இப்போது நோய் அடங்கிவிட்டது. "இனி யாரும் வரலாம், எல்லாப் பழமும் சாப்பிடலாம்" என்றார் டாக்டர். மதுரையிலிருந்து ஊர் திரும்பும் பஸ்ஸில் சின்னமனூர் வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். டாக்டர் சொன்னதை யாரிடம் சொல்வதென்றுதான் தெரியவில்லை.