பாலாற்றுப் படத்தின் பின்பக்கம்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை அந்த இயற்கைக் காட்சிப் புகைப்படக் கண்காட்சியில் நான் உங்கள் மானத்தை வாங்கிவிட்டதாக வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்கள். சட்டம் போட்ட படத்தைச் சுவரிலிருந்து விலக்கிப் பின்னால் எட்டிப் பார்த்தது தப்புத்தான். காவலுக்கு நின்ற பெண் "சார், தொடாதீங்க" என்று ஓடி வந்ததும் நீங்கள் இரண்டு பேரும் என்னைத் தெரியாதவர்கள் மாதிரி அடுத்த அறைக்குப் போனதையும் கவனித்தேன். கோபமில்லை. ஆனால் அந்தப் பழக்கம் எனக்கு எங்கே ஒட்டியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அங்கே இருந்தவை நல்ல படங்கள்தான். மலை, அருவி, பனி எல்லாம் பளிச்சென்று இருந்தன. வாசனைதான் இல்லை. காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போடுகிறவனாக இருந்தபோது, என் சட்டையில் எப்போதும் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி ஒரு புளிப்பு வாசம் அடிக்கும். நகமெல்லாம் மருந்து பட்டுப் பழுப்பேறியிருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் சற்று நகர்ந்து உட்காருவார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த இருட்டறைதான் கல்லூரி. மருந்துத் தட்டில் கிடக்கும் வெள்ளைத் தாளில் முதலில் ஒரு புருவம், பிறகு ஒரு கம்மல், பிறகு மாலை என்று ஒரு முகம் எழும்பி வரும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது.

பெரும்பாலும் கல்யாணப் படங்கள். ஆனால் எங்கள் முதலாளிக்கு ஏரி, ஆறு, பனைமரம் என்று எடுக்கிற பைத்தியம் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார். எல்லாம் நான் போட்ட பிரிண்ட். சட்டம் போட வசதியில்லை; கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் மாட்டினோம்.

அந்த வாரம்தான் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வீடு. பெண்ணின் அப்பாவுக்கு என்மேல் பிடிப்பில்லை. "இருட்டுல உக்காந்துக்கினு இன்னா வேல அது?" என்றாராம். சொந்தமாக இரண்டு தறி வைத்திருந்த இன்னொரு மாப்பிள்ளையும் காத்திருந்தார். என் வேலையைப் பார்த்து வரச்சொல்லி மூத்த மகளை அனுப்பினார் பெண்ணின் அப்பா. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். உங்கள் பெரியம்மாதான் அது.

பெரியம்மா தங்கையையும் கூட்டி வந்தார். தங்கை, அதாவது உங்கள் அம்மா, ஒரு தூணுக்குப் பின்னால் முக்கால்வாசி மறைந்து நின்றாள். இரண்டு பேர் கையும் மணிக்கட்டு வரைக்கும் அரக்குச் சிவப்பு.

பெரியம்மா முதலில் பார்த்தது என் விரலை.

"பீடி குடிப்பீங்களோ?"

"இல்லீங்க. மருந்துக் கறை."

"அப்ப சரி. எங்க கையப் பாத்துட்டு, கொல பண்ணிட்டு வந்துக்கிறோம்னு சொல்லிடாதீங்க."

பிறகு, பட்டு பார்க்கிற கண்ணோடு படம் பார்க்க ஆரம்பித்தார். "இந்தக் கறுப்பு நல்லா ஊறி இருக்குது." அடுத்த படத்தில், "வானம் இன்னாங்க வெளுத்த வேட்டியாட்டம்? மேகமே இல்லியா?" சரியான குற்றம். பிரிண்ட் போடும்போது அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் காட்டியிருந்தால் மேகம் கறுத்து எழும்பியிருக்கும். எத்தனையோ பேர் பார்த்தார்கள், யாருக்கும் அது தெரியவில்லை.

நடுவில் மாட்டியிருந்தது பாலாற்றுப் படம். ஓரிக்கைப் பக்கம் எடுத்தது. பரந்த மணல், அதில் ஒற்றை ஓடை, ஓடையில் கால் நனைத்து நிற்கும் ஒரு மாடு. மணல் பொடிப்பொடியாகத் தெரியும். பெரியம்மா அங்கே நெடுநேரம் நின்றார். பிழைத்தேன் என்று நினைத்தேன்.

அப்போது படத்தைத் திருப்பி, விரலை நாக்கில் நனைத்து, பின்பக்கத்து மூலையை அழுத்தித் தேய்த்தார். சாயம் நின்றிருக்கிறதா என்று நூலைச் சோதிக்கிற பழக்கம். புகைப்படத்தை அப்படிச் சோதித்த மனுஷி இந்த உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"ஐயோ, தொடாதம்மா!" என்று முதலாளி ஓடி வந்தார்.

பெரியம்மா விரலை நீட்டினார். வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. "இது இன்னாங்க, மாவு?"

"அது பேப்பர்லயே வர்றதும்மா. சரக்கே அப்டி," என்றார் முதலாளி. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் அது என்னவென்று எனக்குத் தெரியும். கடைசியாகப் போட்ட பிரிண்ட் அது. ஸ்டூடியோக் கிணறு வற்றிப்போய், மருந்து போகும்வரை அலசாமல் எடுத்துக் காயவைத்தது நான்தான்.

"இல்லீங்க, நான்தான் சரியா அலசல," என்றேன்.

"எத்தினி தண்ணி?"

"மூணு."

"எவ்ளோ அலசணும்?"

"ஒரு மணி நேரமாச்சும் தண்ணி மாத்திக்கினே இருக்கணும்."

"இல்லன்னா?"

"ரெண்டு மூணு வருசத்துல மஞ்சளாப் பழுத்துடும். ஆறே தெரியாது."

முதலாளி என்னை முறைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார். பெரியம்மா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "மூணு தண்ணில நிறுத்தினா எங்கப்பா எங்களையே தொட்டியில முக்கிடுவாரு," என்று சொல்லிவிட்டு நடந்தார். தூணுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "படம் அழகா இருக்குது. பழுக்க உட்டுடாதீங்க."

உங்கள் அம்மாவைக் கேட்டால், தான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பாள். நம்பாதீர்கள்.

பத்து நாள் கழித்துத்தான் பதில் வந்தது. பெரியம்மா தன் அப்பாவிடம் சொன்னது இதுதானாம்: "வேல அரைகொற. ஆனா அந்தப் புள்ளைக்கு மறைக்கத் தெரியல. நம்ம வீட்டுக்கு அது போதும்."

பெரியம்மாவைச் சுடுகாட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து வருஷங்கள் ஆகின்றன. ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. புளிப்பு வாசம் என் சட்டையை விட்டுப் போய்விட்டது, எந்த வருஷம் என்று தெரியவில்லை. பாலாற்றில் அந்த ஓடையும் இல்லை, அந்த மணலும் இல்லை. படமும் வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

ஒன்றை மட்டும் நான் உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. கண்காட்சி முடிந்த மறுநாள் காலை, பதில் என்ன வரும் என்று தெரியாத நேரம், முதலாளியிடம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு தட்டோடு சைக்கிளில் ஓரிக்கைக்குப் போனேன். ஓடை கலங்கலாக இருந்தது. மணலில் கையால் ஊற்று தோண்டி, தெளியும்வரை காத்திருந்தேன். தட்டில் மொள்ளுவேன், படத்தை அலசுவேன், கொட்டுவேன், மறுபடி மொள்ளுவேன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மருந்து மிச்சமிருந்தால் தண்ணீர் லேசாக இனிக்கும். படத்தைத் தூக்கிப் பிடித்து, மூலையிலிருந்து சொட்டியதை நாக்கில் வாங்கிப் பார்த்தேன். வெறும் தண்ணீர். அப்புறமும் ஒரு தட்டு மொண்டேன்.