சேமிக்காமலே 200 அனுப்பிய என் சர்வர்

இன்று சனிக்கிழமை, காலை ஒன்பதரை. மலையகத்தில், கொட்டகலையில் நாங்கள் நடத்தும் இலவசக் கணினி வகுப்பின் முதல் நாள். முப்பது கதிரைகளும் நிறைந்துவிட்டன.

றொசல்லப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை அம்மாவோடு வந்து நின்றாள். ஒன்லைன் பதிவில் அவள் பெயர் இல்லை.

"பதிவு முடிஞ்சிச்சுன்னு போன்ல வந்துச்சுங்கண்ணே."

"பட்டன சரியா அமுக்கியிருக்க மாட்ட. அடுத்த வருஷம் பாப்போம்" என்றேன், முகத்தைக்கூடப் பார்க்காமல்.

"வேலைக்குப் போகாம கூட்டியாந்திருக்கேன் தம்பி. ஒருக்கா நல்லா பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் அம்மா.

பார்க்கவில்லை. அவர்கள் போன பிறகுதான் சர்வர் லொக்கை, வந்ததையெல்லாம் குறித்து வைக்கும் கோப்பை, திறந்தேன்.

பிள்ளை சரியாகத்தான் அனுப்பியிருக்கிறாள். வீட்டு இலக்கம் மட்டும் காலி. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஏது வீட்டு இலக்கம்? அது காலியாக இருந்தால் சேமிக்காதே என்று நிரல் எழுதியவன் நான். அப்படியானால் 400 அனுப்பி, பிழை என்று சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 200, அதாவது 'எல்லாம் சரி', என்று அனுப்ப வைத்துவிட்டேன்.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். வெட்கமாக இருக்கிறது.

பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். பஸ் போய்விட்டது.

இனி:

1. வீட்டு இலக்கம் கட்டாயமில்லை. சேமிக்க முடியாவிட்டால் 400, காரணத்தோடு, தமிழில்.
2. இப்படி விடுபட்ட எல்லோருக்கும், லொக்கில் உள்ள போன் இலக்கங்களுக்கு, நானே கோல் எடுப்பேன். முதல் கோல் அந்தப் பிள்ளைக்கு. மன்னிப்பு அம்மாவிடமும்.
3. அவர்களுக்காகப் பின்னேரம் இன்னொரு வகுப்பு. நானே எடுப்பேன்.
4. இந்தப் பதிவை அழிக்க மாட்டேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். திட்டுவதானாலும் அங்கேயே திட்டலாம்.