வாசற்படியை அறுத்துக் காரைப் பதித்தது

காரின் பின்பக்கத்தை மூன்று அங்குலம் தாழப் பதிப்பதற்காகச் சொந்த வீட்டு வாசற்படியை அறுத்தவன் நான். கண்டி மஹய்யாவையில் எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் படி இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் மட்டும் காலை ஒரு தினுசாகத் தூக்கி வைத்து ஏற வேண்டும். "படிக்கு என்னாச்சு?" என்று கேட்காமல் யாரும் உட்காருவதில்லை. என் மனைவி ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்கிறாள். தேநீரில் சீனியைக் குறைத்தாலும் கதையில் எதையும் குறைப்பதில்லை.

நான் சிரித்துக்கொண்டு இதை எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். கோபம் அப்படியே இருக்கிறது. யார்மேல் என்பதில்தான் கடைசியில் குழப்பம் வந்துவிட்டது.

தங்கை மகளுக்குக் கல்யாணம். தங்கை வீடு புசல்லாவையில், கடைத்தெருவுக்கு மேலே ஏறும் ஒரு சந்தில். அவள் புருஷன், என் மச்சான், அந்தக் கடைத்தெருவிலேயே புடவைக்கடை வைத்திருக்கிறார். மண்டபம் கம்பளையில். பெண்ணை வீட்டிலிருந்து கூட்டிவந்து மண்டபத்து வாசலில் இறக்குவது தாய்மாமன் வேலை. எங்கள் சனத்தில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. தங்கைக்கு நான் ஒரே அண்ணன். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இறக்கிவிடும் பாக்கியம் எனக்கு இந்த ஒரு தடவைதான் வரும்.

இது மச்சானுக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டேதான் மாப்பிள்ளை வீட்டாரை வைத்துக்கொண்டு சொன்னார்: "பொண்ணுக்கு வெள்ள ஜீப் ஒண்ணு ஹயருக்குப் பேசியாச்சு. மச்சான் பின்னால வேன்ல வந்துருவாரு."

"எங்கிட்ட கார் இருக்கே," என்றேன்.

"இருக்கு, இருக்கு. பின்பக்கத்தத் தூக்கிக்கிட்டு, முட்ட போட எடம் தேடுற கோழியாட்டம் நிக்குதே, அதானே? பொண்ணு பின் சீட்டுல ஒக்காந்தா முன் சீட்டுக்கு வழுக்கி வந்துரும் மச்சான்."

சம்பந்தி சிரித்தார். சம்பந்தியின் தம்பி, என் காரைப் பார்த்தே இராதவர், அதைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

மச்சான் சொன்னது உண்மை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் கார் பழைய ஜப்பான் கார். எனக்கு முன் அதை வைத்திருந்தவர் கம்பளையில் மரக்கறி வியாபாரி. லீக்ஸும் கோவாவும் மூட்டை மூட்டையாக ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் மேலதிகமாக ஒரு பட்டை போட்டிருந்தார். மூட்டை இறங்கிய பிறகும் வண்டி அந்தத் தெம்பிலேயே நின்றது.

அந்தப் பட்டையைக் கழற்றினால் போதுமே என்று கேட்பீர்கள். நிதானமாக இருப்பவன் கழற்றுவான். கோபத்தில் இருப்பவன் புதிதாக ஒன்றைச் செய்வான். வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் வைத்து, ஊரில் எல்லோருக்கும் எதையாவது படிக்கச் சொல்லிக்கொண்டு திரிபவன், இந்த விஷயத்தில் மட்டும் போனில் பார்த்த ஒரு வீடியோவை நம்பினேன். மலையே இல்லாத ஏதோ ஒரு தேசத்தில் ஒரு பையன் செய்து காட்டினான். ஸ்பிரிங்குக்கும் அதன் மேலேயுள்ள அச்சுக்கும் நடுவில் ஒரு கட்டையைச் செருகி, நீளமான போல்ட்டால் இறுக்க வேண்டும். கட்டை எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு வண்டி பதியும். அவன் இரும்புக் கட்டை வைத்திருந்தான். எனக்கு அதைவிடப் பெரிய யோசனை வந்தது.

எங்கள் வாசற்படி பழைய ரயில்வே சிலிப்பர் கட்டை. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து தேய்ந்து, ஏலத்தில் போய், எப்படியோ எங்கள் வீட்டுக்கு வந்தது. பதுளை ரயிலைத் தாங்கிய மரம் என் மருமகளைத் தாங்காதா?

தாங்கும் மரம் அறுபடாது என்பது வாளை வைத்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு வாள் போனது. ஒவ்வொரு இழுப்புக்கும் மச்சானை ஒரு வார்த்தை திட்டினேன். வார்த்தை தீர்ந்தபோது சம்பந்தியின் தம்பியை எடுத்துக்கொண்டேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னங்க, நாளைக்கு நான் எதுல கால வச்சு எறங்குறது?"

"கல்யாணம் முடியட்டும், சீமெந்துல கட்டித் தாறேன்."

"மச்சான் மேல உள்ள கோவத்துக்கு மச்சான் வீட்டுப் படியப் போயி அறுக்கலாமுல்ல?"

கட்டைகளைச் செருகி, லேத் கடையில் செய்வித்த போல்ட்டுகளை இறுக்கி, ஜாக்கியை இறக்கினேன். கார் அடக்கமாக உட்கார்ந்தது. கண்டி வாவியைச் சுற்றி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஒத்திகையில் காரில் இருந்தவன் நான் மட்டும். பெண் போகிற வண்டியில் ஏற வருகிற எந்தப் பெண்பிள்ளையையும் நாங்கள் இறங்கச் சொல்வதில்லை என்பதை நான், வழக்கத்தைப் பற்றி அவ்வளவு பேசியவன், மறந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை தங்கை வீட்டு வாசலில் வெள்ளை ஜீப்புக்கு முன்னால் என் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மச்சான் முகம் மாறியது. "ஜீப்பு வந்துருச்சு மச்சான்," என்றார். "தாய்மாமனும் வந்துட்டான்," என்றேன். அவர் ஏதோ சொல்லப் போனார். அதற்குள் மணப்பெண் வெளியே வந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாமா காருலயே போறேன்ப்பா," என்றாள்.

அந்த நிமிடத்தோடு கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. பெண் ஏறினாள். அவளோடு அவள் பெரியம்மா ஏறினார். பெரியம்மாவோடு அவர் மகள், மகளோடு குத்துவிளக்கு, முன் சீட்டில் சீர்த்தட்டோடு ஓர் அத்தை. மச்சான் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் நல்ல சாப்பாட்டுக்காரர்கள்.

சந்து பெரிய ரோட்டைத் தொடும் இடத்தில் குறுக்கே ஒரு கழிவுநீர்க் கான் ஓடுகிறது. அதன் மேல் கொங்கிரீட் மேடு. முன் சக்கரம் தாண்டியது. பிறகு காரின் அடிவயிற்றில் கல் உரசுவது போல ஒரு சத்தம், றப்பர் கருகும் நாற்றம். கார் மேட்டின்மேல் படுத்துக்கொண்டது. பின் சக்கரங்கள் மட்காட்டில் அகப்பட்டுச் சுற்ற மறுத்தன. மூக்கு நுவரெலியா ரோட்டில், முதுகு சந்தில். மேளக்காரர்கள் பின்னால் நின்று, நிலைமை புரியாமல், இன்னும் உற்சாகமாக வாசித்தார்கள். ரோட்டில் பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "அய்யே, பொட்டக் அயின் கரன்ன!" என்று சிங்களத்தில் வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னான். ஒதுக்க முடிந்தால் ஒதுக்கியிருக்க மாட்டேனா?

பெண்கள் இறங்கினார்கள். கார் ஒரு பெருமூச்சோடு எழுந்தது. மறுபடி ஏறினார்கள். மறுபடி படுத்தது. என் கண்முன்னால், இதற்காகவே காத்திருந்தது போல, மச்சானின் கை ஜீப் கதவைத் திறந்தது. அவர் சிரித்திருந்தால் ஒரு அறை கொடுத்திருப்பேன். சிரிக்கவில்லை. தோளைத் தொட்டு, "பரவால்ல மச்சான், நீங்க முன்னால போங்க, ஜீப்பு பின்னால வரட்டும்," என்றார். அந்தப் பெருந்தன்மையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கம்பளை வரைக்கும் குத்துவிளக்கும் நானும் போனோம். பெண்ணை இறக்கியது ஜீப் டிரைவர்.

மறுமாதம் மருமகள் புருஷனோடு விருந்துக்கு வந்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படியில்லாத வாசலில் ஏறினாள். நான் அவள் அப்பாவைப் பற்றி ஆரம்பித்தேன். காசைக் காட்டி என் உரிமையைப் பறித்ததை, சம்பந்தி முன்னால் அவமானப்படுத்தியதை, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அப்பாவ ஏசாதீங்க மாமா. ஜீப்பு நாந்தான் கேட்டேன். சின்னதுலருந்தே ஒங்க காருல ஏறினா எனக்கு வாந்தி வரும். அன்னைக்குக் கானுல சிக்குச்சே, அதுவரைக்கும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்தேன்."