துடியலூரில் டோஃபுப் பை

மேட்டுப்பாளையம் போகும் வழியில், துடியலூரில் இறங்கி ஒரு சின்னக் கொரியன் கடையில் மதியம் சாப்பிட உட்காருகிறேன். மேசையில் எனக்கு எதிரே உடுமலைப்பேட்டையிலிருந்து வந்திருக்கும் கணவனும் மனைவியும். மூவர் தட்டிலும் ஒரே பண்டம். பொரித்த டோஃபு என்னும் சோயாக் கட்டியைப் பை போலத் திறந்து, உள்ளே புளிப்பும் இனிப்புமான சோற்றை அடைத்திருக்கிறார்கள்.

"பொண்ணு கொரியாவுல இருக்குதுங்க. பிரசவத்துக்கு இவ போகோணும்," என்கிறார் கணவர். "கறி, மீன் தொட மாட்டா. அங்க போயி பட்டினி கெடந்துட்டா? அதான் மொதல்ல இங்க கூட்டியாந்தேன்."

அந்த அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு ஓரத்தைக் கடிக்கிறார். கணவர் தன் தட்டைத் தொடாமல் மனைவியின் முகத்தையே பார்க்கிறார்.

"நல்லாத்தானுங்க இருக்குது," என்று அந்த அம்மா இரண்டாவதையும் எடுக்கிறார். கணவர் தலையாட்டுகிறார், ஆனால் முகம் வாடிவிடுகிறது. அதைக் கவனித்துவிட்டு அந்த அம்மா என் பக்கம் திரும்புகிறார்.

"நான் பொழைச்சுக்குவேனுங்க. இவருக்குச் சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாது. நான் வர்ற வரைக்கும் என்னத்தத் திம்பாரு?"

கணவர் ஒன்றை முழுதாக வாயில் போட்டு மெதுவாக மெல்கிறார்.

"அப்பப்ப பஸ் ஏறி இங்க வந்துபோட்டுப் போறேன் அம்மணி. அங்க நீ திங்கறதையே நானும் திங்கறேன்."

அந்த அம்மா அவர் மீசையில் ஒட்டியிருக்கும் பருக்கையை முந்தானையால் துடைத்துவிடுகிறார்.